சிக்கன வேகம்

ஒன்றாம் தேதி பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் நாள். இரண்டு வருடமாக அதைச் செய்து வந்தவர் என் கணவர் கஸ்பார். அந்த மாதம் பாய்க்கயிற்றை இழுக்கப்போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். மாத வேலைப் பட்டியலில் எழுதியிருக்கிறது, யாராவது செய்தாக வேண்டும். அதனால் நான் செய்தேன்.

எங்கள் படகில் சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருக்கும் பலகையைத் தூக்கினால் நான்கு பேட்டரிகள் தெரியும். எஞ்சினைக் கிளப்புவதற்குத் தனியாக ஒன்று உண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் இந்த நான்குதான். விளக்கு, ரேடியோ, தானாகத் திரும்பும் சுக்கான், எங்கள் இருவர் நெஞ்சிலும் ஓடுகிற பம்பு, எல்லாம் இதிலிருந்துதான் குடிக்கின்றன. பாய்ப்படகுக்காரர்கள் இவற்றை வீட்டு பேட்டரி என்பார்கள். நாங்கள் தூத்துக்குடியில் இருந்த வீட்டை விற்றுத்தான் படகு வாங்கினோம். வீடு போய் வீட்டு பேட்டரி வந்தது.

ஒரு பேட்டரிக்கு மூன்று அறை, மொத்தம் பன்னிரண்டு மூடி. ஒவ்வொன்றாகத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதற்கு முன்னால் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்க்கவேண்டும். அது ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரு மிதவை. அமிலத்தை உறிஞ்சினால், பேட்டரி நிறைந்திருக்கும்போது மிதவை பச்சையில் நிற்கும், காலியானால் சிவப்பு வரைக்கும் மூழ்கும். முதல் அறை சிவப்பு. இரண்டாவது சிவப்பு. பன்னிரண்டாவது வரை அப்படியே போயிற்று.

எழுந்து சுவரில் இருந்த மீட்டரைப் பார்த்தேன். பேட்டரி தொண்ணூற்றேழு சதவீதம் நிறைந்திருப்பதாக அது சொன்னது.

வேறொருத்தியாக இருந்தால் இந்த இடத்தில் நெஞ்சு திக்கென்று இருந்திருக்கும். எனக்கு அந்த வசதி கிடையாது. பன்னிரண்டு அளவையும் பதிவேட்டில் எழுதினேன். தண்ணீர் ஊற்றினேன், மூடிகளைத் திருகினேன், கை கழுவினேன். அதற்குப் பிறகுதான் அவரிடம் சொல்லப் போனேன்.

வசதி கிடையாது என்று சொன்னதை விளக்கவேண்டும். பத்து வருடத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல் ஊரில் மூன்றில் ஒருவருடைய இதயத்தைக் கெடுத்துவிட்டுப் போனது. அரசாங்கம் எல்லோருக்கும் பம்பு வைத்தது. பம்புக்குத் துடிப்பு கிடையாது. குழாயில் தண்ணீர் வருவதைப்போல ரத்தம் ஒரே சீராகப் போகும். இடுப்பில் கரண்ட்டில் மாட்டுகிற ஒரு பெல்ட், பெல்ட்டில் ஒரு குமிழ். குமிழில் 'தானாக', 'சிக்கனம்' என்று இரண்டே இடம். தானாகவில் வைத்தால், வீட்டு பேட்டரி பாதிக்கு மேலே இருப்பதாக மீட்டர் சொல்லும்வரை பம்பு முழு வேகத்தில் ஓடும். பாதிக்குக் கீழே இறங்கினால் தானே சிக்கனத்துக்கு வந்துவிடும். நாங்களே குமிழைச் சிக்கனத்தில் வைத்தால் எப்போதும் சிக்கனம்தான்.

நான் இரண்டு வருடமாகச் சிக்கனத்தில் இருந்தேன்.

பத்து நாளைக்கு ஒருமுறை பம்பு மையத்திலிருந்து டாக்டர் ஹம்சவேணி செயற்கைக்கோள் போனில் கூப்பிடுவாள். சின்னப் பெண், முப்பது இருக்கும். ஒவ்வொரு தடவையும் இதே பேச்சுதான்.

"அம்மா, சிக்கனம் ஆறு மாசத்துக்குத்தான் அனுமதி. நீங்க ரெண்டு வருஷம் தாண்டிட்டீங்க."

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு டாக்டர்."

"உடம்பு இருக்கும்மா. கோபம், பயம், அழுகை இதெல்லாம் மூளை மட்டும் செய்யற வேலை இல்ல. ரத்தம் வேகமா ஏறணும். சிக்கனத்துல அது ஏறாது. உங்களுக்கு எல்லாம் தெரியும், எதுவும் உறைக்காது. பல்லுக்கு மரத்துப்போற ஊசி போட்டா எப்படி இருக்கும், அது மாதிரி."

"ஆமா. அப்பிடித்தான் இருக்கு."

"அதை விட்டு வெளிய வரணும்னு தோணலையா?"

"தோணாது டாக்டர். அதான சிக்கனம்."

அவள் சிரிக்கவில்லை. நான் வேடிக்கையாகச் சொல்லவும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் மகள் ரெனிட்டாவுக்குப் பத்தொன்பது வயது. அவளுக்கும் பம்புதான். புயல் வந்து மூன்று நாள் ஊருக்கே கரண்ட் இல்லை. ஆளுக்கு ஒரு மாற்று பேட்டரியில்தான் பம்பு ஓடியது. பம்புக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஊர் முழுவதையும் ரேடியோ வழியாகச் சிக்கனத்துக்கு இறக்கிவிட்டார்கள். அதில் அவர்களுக்கு இன்னொரு லாபமும் இருந்தது. மூன்று நாள் இருட்டில் கிடந்த ஊரில் ஒருவர்கூடத் தெருவுக்கு வந்து சத்தம் போடவில்லை.

மூன்றாம் நாள் ரெனிட்டாவுடையது முதலில் தீர்ந்து, அவள் பெல்ட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு என்றால் இரண்டு மணி நேரம். அவள் இடது கைக்கு நெயில் பாலிஷ் போட்டு முடித்திருந்தாள், வலது கைக்குப் போடவில்லை. "செவப்பு எரியுது" என்று சொன்னேன். "ஆமா" என்றாள். அவர் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "மழை விடட்டும்" என்றார். ஜெனரேட்டர் வைத்த சார்ஜ் நிலையம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. மூன்று பேருக்கும் அது தெரியும். பாலிஷ் புட்டி திறந்தே இருந்தது. காய்ந்துவிடுமே என்று நான் எழுந்து போய் அதை மூடினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு அவள் பெல்ட்டில் விளக்கு அணைந்தது.

மறுநாள் கரண்ட் வந்து எல்லோரையும் முழு வேகத்துக்கு ஏற்றினார்கள். அவர் போட்ட சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது. எனக்கு என்ன ஆனது என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் பத்தே நிமிடத்தில் நான் குமிழைச் சிக்கனத்துக்குத் திருப்பிவிட்டேன். அதிலிருந்து தொடவில்லை.

அவர் நேர் எதிர். இனி எவனும் தன்னை இறக்கக்கூடாது என்றார். கட்டுப்பாட்டு அறையின் ரேடியோ எட்டாத இடம் கடல்தான். கப்பலில் முப்பது வருடம் எலக்ட்ரிக்கல் ஆபீசராக இருந்தவர், அதனால் படகு அவருக்குப் புதிதில்லை. மூடி போட்டு அடைத்த புது வகை பேட்டரி வேண்டாம், தண்ணீர் ஊற்றுகிற பழைய வகைதான் வேண்டும் என்று தேடி வாங்கினார். திறந்து பார்க்க முடியாத எதையும் நம்பமாட்டாராம். நெஞ்சுக்குள் இருப்பதை எப்படித் திறந்து பார்ப்பார் என்று நான் கேட்கவில்லை.

படகில் ஒரு வழக்கம் உண்டு. சூரியன் இறங்கும்போது அவர் மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்வார், நான் பதிவேட்டில் எழுதுவேன். சொல்லிவிட்டு, "திருப்பிக்கிடுதியாட்டி?" என்று கேட்பார். என் குமிழைத்தான். "நாளைக்கிப் பாப்போம். பேட்டரி பத்தாது" என்பேன். அதையும் எழுதுவேன். கடைசிக் கட்டம் அதற்குத்தான் போட்டது: 'கேட்டார். நாளைக்கு.' சில நாள் அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதே அழுவார். பக்கத்தில் போய் நின்று, "தண்ணி வேணுமா?" என்று கேட்பேன். எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "வேண்டாம்" என்பார்.

சரி, பன்னிரண்டு சிவப்புக்கு வருகிறேன்.

மாலத்தீவின் அட்டுத் தீவிலிருந்து கிளம்பி ஆறு நாள் ஆகியிருந்தது. செஷல்ஸ் தீவுகளுக்கு இன்னும் ஐந்து நாள். நான்கு நாளாக வானம் மூடிக் கிடந்தது, சூரியத் தகடுகள் சும்மா இருந்தன. அவர் படுக்கையில் மல்லாந்து கிடந்தார்.

"இங்காருங்க. பன்னெண்டும் செவப்புல கெடக்கு" என்றேன்.

"மீட்டர் என்ன காட்டுது?"

"தொண்ணூத்தேழு."

"ஹைட்ரோமீட்டரு கெட்டுப்போயிருக்கும்."

"எஞ்சின் பேட்டரில வச்சுப் பாத்தேன். பச்சைல நிக்கி."

படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"நாந்தாட்டி" என்றார். "மத்தியானம் மத்தியானம் அந்தப் பொத்தான அமுக்கிருதேன்."

மீட்டர் பேட்டரிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். எப்போது நிறைந்தது என்பதை மனிதன்தான் அதற்குச் சொல்லவேண்டும். அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் நூறு என்று எடுத்துக்கொள்ளும். மீட்டர் நூறு என்று சொன்னால் சார்ஜரும் அதை நம்பிக் கையை மடக்கிக்கொள்ளும். அரை வயிற்றுச் சாப்பாட்டோடு இலையை எடுத்த கதைதான். இப்படி நாள்தோறும் அரைகுறையாக நிற்கிற பேட்டரியின் தகடுகளில் வெள்ளைப் படிவு ஏறும், ஏறினால் பிறகு எவ்வளவு கொடுத்தாலும் ஏற்காது. இது எனக்கே தெரியும். அவரோ முப்பது வருடம் அதைத் தின்று அதிலேயே தூங்கியவர்.

"எத்தன நாளா?"

"பதினாலு மாசம். கரைக்குப் போறப்பெல்லாம் கரை கரண்ட்டுல போட்டு ஒப்பேத்திக்கிட்டு வந்தேன். இந்தத் தடவ மேகம் மூடிருச்சு."

"ஏன்?"

"பாதிக்குக் கீழ போனா என்னைய எறக்கிரும்லா? என்னால முடியாது ஜெசி. அன்னைக்கி இருந்த மாதிரி இன்னொரு நாள் என்னால இருக்க முடியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது பாதி. மீதிப் பாதி ஒனக்காகத்தாட்டி. தெனமும் பேட்டரி பத்தாதுங்க. நூறு காட்டுனா என்ன சொல்லுதன்னு பாப்போமின்னு நெனச்சேன்."

"அப்பவும் பத்தாதுன்னுதான சொன்னேன்."

"ஆமா. அப்பிடித்தான் சொன்ன."

எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் பதினாலு மாதமாக என் கையெழுத்தில் பொய் எண் எழுதியிருக்கிறேன் என்பது கொஞ்சம் உறுத்தியது. சிக்கனத்தில் எவ்வளவு உறுத்துமோ அவ்வளவு.

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

"நாளைக்கிச் சரி பண்ணிருவோம், நாளைக்கிச் சரி பண்ணிருவோம்னு போயிருச்சு." என்னைப் பார்த்தார். "நீயும் அதத்தான சொல்லுத."

கணக்கு எளிதாக இருந்தது. பேட்டரி இன்றைக்கு ராத்திரி தாங்கும், நாளைக்குத் தாங்காது. பெல்ட்டுக்குள்ளேயே ஒரு சின்ன பேட்டரி உண்டு. சிக்கனத்தில் எட்டு மணி நேரம் வரும், முழு வேகத்தில் இரண்டு மணி நேரம். அதோடு சரி. கரைக்கு ஐந்து நாள். பக்கத்தில் கப்பல் எதுவும் இல்லை. தகட்டில் ஏறிய படிவைக் கரைக்க ஒரு வழி இருக்கிறது, அவர் அதைக் கொதிக்க வைப்பது என்பார். எஞ்சினை ஓட்டி, வழக்கத்தைவிட அதிக வோல்ட்டில், அமிலம் குமிழி விடும்வரை ஆறு மணி நேரம் விடாமல் ஏற்றவேண்டும். டீசல் இருந்தது.

"அவ்வளவு வோல்ட்டுல பெல்ட்ட மாட்டி வைக்க முடியாது, வெந்துரும்" என்றார். "வயரக் கழட்டணும்."

"அப்ப ஆறு மணி நேரம் உள்பேட்டரில ஓடணும்."

"முழு வேகத்துல ரெண்டு மணி நேரந்தான்." சொல்லிவிட்டுத் தன் குமிழைப் பார்த்தார். "ரெண்டு பேரும் சிக்கனத்துல கெடந்தா, படகு தீப்புடிச்சாலும் பாத்துக்கிட்டு இருப்போம்ட்டி. பேட்டரில இருந்து கேஸ் வரும். ஒரு பொறி போதும்."

"எழுதி வச்சிக்கிடுவோம்."

"என்னத்த?"

"பட்டியல். நான் ரெண்டு வருசமா அப்பிடித்தான ஓடுதேன். தோணாட்டாலும் எழுதியிருந்தா செய்வேன். மணிக்கு ஒருதரம் அலாரம் வைப்போம். அடிச்சா பட்டியலப் பாக்கணும். அன்னைக்கி நம்மகிட்டப் பட்டியல் இல்ல."

அவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "எழுது" என்றார்.

எழுதினேன். ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருக்க வேண்டும். அடுப்பு பற்றவைக்கக் கூடாது. மணிக்கு ஒருமுறை பன்னிரண்டு அறையும் அளக்கவேண்டும். பேட்டரியைத் தொட்டுப் பார். கை பொறுக்காத சூடு என்றால் எஞ்சினை நிறுத்து. ஆறு மணி நேரம் முடிந்ததும் எஞ்சினை நிறுத்தி இரண்டு பெல்ட்டையும் மாட்டு. அவர் பேனாவை வாங்கி இடையில் ஒரு வரி சேர்த்தார். 'பெல்ட்டில் சிவப்பு எரிந்தால் உடனே எழுந்து போ. மழை பெய்தாலும் எழுந்து போ.' அதன் கீழே மூன்று கோடு போட்டார், மூன்றாவது கோட்டில் காகிதம் கிழிந்தது.

குமிழில் கை வைத்தவர் திருப்பாமல் நின்றார். இடுப்பு வலியில் சாய்ந்து நின்றார். "ஜெசி, முடிஞ்ச ஒடன என்னையத் திருப்பி விட்டுரு. மறந்துராத."

"சரி" என்றேன்.

திருப்பினார். ஒரு நிமிடத்துக்குள் நெற்றிச் சுருக்கம் போய்விட்டது. பெஞ்சில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வேலை பட்டியல்படி நடந்தது. மூன்றாவது மணியில் அமிலம் குமிழி விட ஆரம்பித்தது, அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தது. நான்காவது மணியில் ஏழாவது அறை சூடாக இருந்தது, ஆனால் கை பொறுத்தது. ஆறாவது மணியில் மிதவைகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்குப் பக்கத்தில் வந்து நின்றன. பன்னிரண்டில் இரண்டு மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருந்தன. எஞ்சினை நிறுத்தினேன், பெல்ட்டுகளை மாட்டினேன், கடைசி வரிக்கு நேரே டிக் போட்டேன். சோறு வடித்தேன். இருவரும் சாப்பிட்டோம்.

அவரைத் திருப்பி விடுவது பட்டியலில் இல்லை. வாயால் சொன்னார், நான் சரி என்றேன், எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். நன்றாகவே நினைவிருந்தது. நினைவிருப்பது ஒன்று, எழுந்து போய்ச் செய்வது ஒன்று. எங்கள் வீட்டில் இது இரண்டாம் தடவை.

மறுநாள் வானம் திறந்தது. தகடுகளில் வெயில் அடித்தது, சார்ஜர் வயிறு நிறைய ஏற்றியது. பொத்தானை யாரும் அமுக்கவில்லை. அவர் காலையில் எழுந்தார், பல் தேய்த்தார், பெஞ்சில் உட்கார்ந்தார். இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டேன், வலிக்கிறது என்றார். மதியம் ஒரு தடவை, "திருப்பிக்கிடுங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

"எதுக்கு? நல்லாத்தான இருக்கு."

"சரி."

இரண்டு வருடமாக எதற்குப் பயந்து ஓடினாரோ அதில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எனக்கு அது தெரிந்தது, உறைக்கவில்லை. இப்படியே இரண்டு நாள் போயிற்று. படகு நன்றாக ஓடியது. இரண்டு பேர் சிக்கனத்தில் இருந்தால் பேட்டரிக்கு வேலையே இல்லை.

மூன்றாம் நாள் சூரியன் இறங்கும்போது அவர் மீட்டருக்கு முன்னால் போய் நின்றார். அந்த வழக்கம் மட்டும் காலில் இருந்தது.

"தொண்ணூத்தாறு" என்றார்.

ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன். பச்சை. தொண்ணூற்றாறு என்று எழுதினேன். கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது கை நின்றது. மேலே இரண்டு நாளுக்கான கட்டங்கள் காலியாக இருந்தன. அதற்கு மேலே, பக்கம் முழுவதும், முந்தைய பக்கம் முழுவதும், அதற்கு முந்தைய பக்கமும், 'கேட்டார். நாளைக்கு. கேட்டார். நாளைக்கு.'

கட்டம் காலியாக இருக்கக்கூடாது.

"நீங்க கேக்கணும்" என்றேன்.

"என்ன கேக்கணும்?"

"தெனமும் கேப்பீங்கள்லா. அத."

யோசித்தார். "திருப்பிக்கிடுதியாட்டி?" என்றார். கடையில் சில்லறை இருக்கிறதா என்று கேட்கிற குரல்.

நாளைக்கு என்று எழுதப் பேனாவை வைத்தேன். நாளைக்கு என்று எழுதினால் காரணமும் உண்டு. பேட்டரி பத்தாது. பத்தாதா என்று பார்த்தேன். அவர் சிக்கனத்தில் இருக்கிறார். மீட்டர் சொல்வது நிஜம், மிதவையும் அதையே சொல்கிறது. ஒருத்தி முழு வேகத்தில் ஓடத் தாராளமாகப் பத்தும். பதினாலு மாதம் பொய் எண் எழுதியாயிற்று, அது தெரியாமல் எழுதியது. இதைத் தெரிந்து எழுதவேண்டும். என்னால் எழுத முடியவில்லை. தைரியம் வந்து என் குமிழைத் திருப்பினேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். கட்டத்தில் வேறு எதுவும் எழுத முடியாததால் திருப்பினேன்.

முதலில் விரல் நுனிகள் சூடாயின. பிறகு காது. படகுக்குள் டீசல் நாற்றம் அடித்தது, இத்தனை நாள் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவருக்குத் தாடி வளர்ந்திருந்தது, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எப்போது இப்படி இளைத்தார் இந்த மனுஷன் என்று நினைத்தேன். அந்த நினைப்பை முடிப்பதற்குள் நெயில் பாலிஷ் வாசம் வந்தது.

புட்டியை மூடினேன். என் மகள் செத்துக்கொண்டிருந்தாள், நான் எழுந்து போய்ப் பாலிஷ் புட்டியை மூடினேன். எழுந்திருக்க என்னால் முடிந்திருக்கிறது. ஐந்தடி நடந்திருக்கிறேன். ஐந்தடி நடந்தவளுக்கு இரண்டு தெரு நடக்க முடியாதா? "ஆமா" என்றாளே, அம்மா சொல்கிறாளே என்று பதில் சொன்னாளே. பெற்றவள் நான். நான் எழுந்தது பாலிஷுக்கு.

நான் கத்தியது எனக்கே கேட்டது. தரையில் விழுந்து பலகையில் தலையை மோதிக்கொண்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டேன், அவளைச் சுமந்த இடத்தில் வலித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தோளில் ஒரு கை பட்டது. அவர் குனிந்து நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"தண்ணி வேணுமா?" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். இரண்டு வருடம். இந்தக் குரலோடு, இந்த முகத்தோடு, இவ்வளவு சின்னப் படகில், இந்த மனிதர் தனியாக இரண்டு வருடம் இருந்திருக்கிறார். சுற்றிலும் கடல், பக்கத்தில் நான். அதற்கும் பிறகு தினமும் சாயங்காலம் கேட்டிருக்கிறார், திருப்பிக்கிடுதியாட்டி என்று. அதற்காகப் பேட்டரியையே கொன்றிருக்கிறார்.

அவர் பெல்ட்டைப் பார்த்தேன். குமிழ் சிக்கனத்தில் இருந்தது. இவர் கேட்கமாட்டார். இன்றைக்கும் கேட்கமாட்டார், கரை சேர்ந்த பிறகும் கேட்கமாட்டார். சிக்கனத்தில் இருக்கிறவன் எதையும் கேட்பதில்லை, அதனால்தான் ஊரையே அதில் வைக்க முடிந்தது. நான் செய்தால் உண்டு.

எட்டி அவர் குமிழைத் தானாகவுக்குத் திருப்பினேன்.

ஒரு நிமிடம் ஆனது. முதலில் உதடு நடுங்கியது. பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என் நெற்றியில் ரத்தம் வந்திருந்தது, அதைக் கையால் துடைத்தார். என் குமிழைப் பார்த்தார். தானாகவில் இருந்தது. அதற்கப்புறம் அவர் அழுத அழுகை நான் இதுவரை பார்த்தது இல்லை. பார்த்திருப்பேன், எனக்குத் தெரிந்ததில்லை.

"வந்துட்டியாட்டி" என்றார். "வந்துட்டியா."

"புட்டிய மூடுனேங்க" என்றேன். "நான் எந்திச்சுப் போயி புட்டிய மூடுனேன்."

"நான் மழை விடட்டும்னேன்."

அவ்வளவுதான் பேசினோம். ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு வருடத்துக்குப் பிறகு ரெனிட்டாவுக்காக அவள் அப்பனும் ஆத்தாளும் சேர்ந்து அழுதோம். தலைக்கு மேலே மீட்டரில் எட்டு ஆம்பியர், எட்டு ஆம்பியர் என்று போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேர் முழு வேகத்தில் ஓடினால் அடிபட்ட இந்த பேட்டரிகள் ஒரு நாள்கூடத் தாங்காது. இருபது நிமிடம் ஆனபோது, "போதும். இன்னைக்கி நான் எறங்குதேன்" என்றேன்.

"வேண்டாம்ட்டி. நான் எறங்குதேன். நீ இப்பத்தான வந்த."

"நாளைக்கி என் முறை. நாளைக்கி நீங்களே வந்து என்னையத் திருப்பணும். நான் கேக்கமாட்டேன்."

"தெரியும்" என்றார்.

அதை மட்டும் மறக்காமல் பட்டியலில் எழுதிய பிறகுதான் குமிழைத் திருப்பினேன்.

இப்போது செஷல்ஸில் நங்கூரம் போட்டு மூன்று வாரம் ஆகிறது. குளிர்பெட்டியை நிறுத்திவிட்டோம், மீன் வாங்கினால் அன்றைக்கே தின்றுவிடுகிறோம். முழு வேகம் ஒருநாள் அவருக்கு, ஒருநாள் எனக்கு. மாற்றிக்கொள்வது சாயங்காலம் எண் சொல்லும் நேரத்தில். முழு வேகத்தில் இருப்பவர்தான் முதலில் மற்றவரைத் திருப்பவேண்டும், பிறகுதான் தான் இறங்கவேண்டும். நடுவில் இருபது நிமிடம் இருவரும் முழு வேகத்தில் இருக்கிறோம், அதை மட்டும் பதிவேட்டில் எழுதுவதில்லை. இன்று நான் சிக்கனத்தில் இருக்கும் நாள், அதனால்தான் இதைக் கோணாமல் எழுத முடிகிறது. மற்ற நாளில் பேனா பிடிக்க முடிவதில்லை.

நேற்று டாக்டர் ஹம்சவேணி கூப்பிட்டாள். நேற்று என் முறை, அவள் குரல் நன்றாக இருந்தது. பம்பு அளவெல்லாம் பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட்டாள். பிறகு, "ஒரே ஒரு விஷயம்மா" என்றாள்.

"சொல்லுங்க டாக்டர்."

"நீங்க அனுப்பின பதிவேட்டையும் மீட்டரையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியா இருக்கு. தினமும் சாயங்காலம் மட்டும் ரெண்டரை ஆம்பியர் மணி போகுது, உங்க பதிவுல அது இல்ல. எங்கயோ வயர்ல கசியுது போல. சார் எலக்ட்ரிக்கல் ஆபீசர்தானே, பார்க்கச் சொல்லுங்க."

அவர் எதிரே பெஞ்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"பாக்கச் சொல்லுதேன்" என்றேன்.